பேஸ்மென்ட்டில் பத்து டிகிரி

1

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டான்யா."

இந்தக் கதை இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மில்வாக்கியில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடும் மதுக்கடைப் பின்னறையில் இதைக் கேட்டேன். சொன்னவர் பக்கத்து மேசைக்காரர். தன் பீரை நண்பன் பாராட்டிய பெருமையைச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். இழவு வீட்டிலிருந்து நேராக எழுந்து வந்தவர் போலிருந்தது முகம். கோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பனியில் இறங்கிப் போய்விட்டார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரித்தால் உண்மை கிடைத்துவிடும், அப்புறம் நான் எழுத என்ன இருக்கிறது? ஒரு பாராட்டு மனிதனை இப்படி உடைக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும் என்று நானாக யோசித்துக் காய்ச்சியதுதான் கீழே வருவதெல்லாம்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "பிப்ரவரியில் ஏரி உறைந்து கிடந்தது. ஆர்லன் ஸாஸ்ட்ரோ தன் நண்பன் வீட்டு வாசலில் நின்று பூட்ஸில் ஒட்டிய பனியை" — வேண்டாம். இந்த ஊரில் எவன் கதை எழுதினாலும் பூட்ஸைத் தட்டிக்கொண்டுதான் உள்ளே வருகிறான்.

இரண்டு: "நொதித்தல் என்பது காத்திருத்தலின்" — ஐயோ. இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பிப் படித்தபோது கூச்சமாக இருந்தது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அது ஒரு கூச்சலில் தொடங்குகிறது:

"ஆர்லன்! பத்து காட்டுதான்னு கேக்குறான்!"

பேஸ்மென்ட் படிக்கட்டின் தலைப்பில் நின்று கத்தியவள் கார்லா. வெண்டல் ப்ரீபிலின் அக்கா. கீழே, பெட்டி ஃப்ரீசரின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவன் ஆர்லன். கேள்வி கேட்ட வெண்டல் முன்னறையில், ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்த கட்டிலில் படுத்திருந்தான். கணையத்தில் கட்டி. கிறிஸ்துமஸ் வரை அவனாகவே படியிறங்கி வந்தான். இப்போது, பிப்ரவரியில், முடியவில்லை.

"பன்னெண்டுலருந்து எறங்கிட்டிருக்கு, சொல்லுங்க!"

"எறங்கிட்டிருக்காம்டா!"

மேலிருந்து ஏதோ முனகல். கார்லா மறுபடி கத்தினாள். "பத்துக்கு வராம ஈஸ்ட்டப் போட்டீன்னா கைய ஒடச்சிடுவானாம்!"

"படுத்துக்கிட்டே ஒடப்பானா?"

"தலகாணியத் திருப்பிப் போட ஆள் வேணும், இவரு கைய ஒடைக்கிறாராம்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

(அறுபதைத் தாண்டிய ஆட்களை அவன் இவன் என்று எழுதுகிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, அதனால்தான். முதல் பிரதியில் கார்லா வெண்டலின் மனைவியாக இருந்தாள். மனைவி என்றதும் அவளை அழ வைக்கவேண்டி வந்தது, கதை மொத்தமும் அவள் கண்ணீர் பின்னால் போய்விட்டது. அக்காவாக மாற்றினேன். அக்கா திட்டுவாள்.)

ஆர்லனும் வெண்டலும் சேர்ந்து பீர் காய்ச்சத் தொடங்கித் தலை நரைத்துவிட்டது. எல்லாம் அந்த பேஸ்மென்ட்டில்தான். ஃப்ரீசர் வெண்டலுடையது. அதன் மேல் சுவரில் ஒரு சின்ன கன்ட்ரோலரைப் பொருத்தியிருந்தான். அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி, உள்ளே பீர் புளிக்கும் பாத்திரத்தின் வயிற்றில் ஒட்டியிருக்கும். பாத்திரம் சூடானால் கன்ட்ரோலர் ஃப்ரீசரை ஓட விடும். பத்துக்கு இறங்கியதும் நிறுத்தும்.*

* ஊர்க்காரர்கள் ஐம்பது என்பார்கள், அது பாரன்ஹீட். நான் நம் கணக்கில் பத்து என்றே எழுதுகிறேன். லாகர் என்கிற இந்த வகை பீருக்கு அந்தக் குளிரில் இரண்டு வாரம் போலப் புளிக்க வேண்டும், பிறகு கிட்டத்தட்ட உறைகிற குளிரில் ஒன்றிரண்டு மாதம் சும்மா கிடக்க வேண்டும். சூட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் வாழைப்பழ எஸன்ஸ் வாசனை ஏறிவிடும், தொண்டையில் காந்தும். இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவைப் பொங்க வைக்க ராத்திரியெல்லாம் கேக் அடுப்புக்குள் வைத்து உள்விளக்கை எரியவிட்டவன் நான். சூட்டுக்கும் புளிப்புக்கும் உள்ள உறவை எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிட்டு ஆர்லன் மேலே வந்தான். வெண்டலின் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

"ஏப்ரல்ல ஸ்மெல்ட் மீன் கரைக்கு வரும்ல, அன்னிக்குத் திறக்கறோம்" என்றான். "மீனப் பொரிச்சுக்கிட்டு."

"திறக்கறோம்."

"அதுக்கு முன்னாடி மூடியக்கூடத் தொடாத."

"தொடல சாமி, தூங்கு."

3

இரண்டு நாள் கழித்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த கார்லா, ஆர்லனைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேசினால் முன்னறைக்குக் கேட்காது என்பது அவள் எண்ணம்.

"மார்ச் தாண்ட மாட்டானாம்."

ஆர்லன் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

"அவன்கிட்ட சொல்லாத. அவன் ஏப்ரல் ஏப்ரல்னு சொல்லிட்டிருக்கான். சொல்லிட்டே இருக்கட்டும்."

"சரி."

"மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு வெளிய போடா. பாத்தாலே கண்டுபிடிச்சிடுவான்."

இந்த இடத்தில் ஆர்லனைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்து கதை பல நாள் நின்றுபோனது. இனி அவன் செய்யப்போவதை நல்லவன் செய்வானா? அன்பினால் செய்தான் என்று எழுதினால் அவனைத் தப்பவிடுகிறேன். பயத்தினால் என்று எழுதினால் கழுத்தைப் பிடிக்கிறேன். கடைசியில் இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டும் உண்மையாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவன் பேஸ்மென்ட்டுக்குப் போனான். கன்ட்ரோலரில் சிவப்பாகப் பத்து எரிந்தது. அதன் முன்னால் நின்று மாதங்களைக் கூட்டிப் பார்த்தான், எப்படிக் கூட்டினாலும் போதவில்லை. வெண்டல் குடிக்காமல் போய்விடுவான், அந்த பீரை நான் தனியாகத் திறக்க வேண்டியிருக்கும், அவன் இல்லாத வீட்டில் அவன் பீரை எவன் குடிப்பான் என்றெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பித்தானை அழுத்தினான். பதினைந்து. பதினெட்டு. இருபத்திரண்டில் நிறுத்தினான். குளிர்ந்த பேஸ்மென்ட்டில் அந்தச் சூடு தானாக வராது, அதனால் பாத்திரத்தைச் சுற்றி ஒரு சூட்டுப் பட்டையும் கட்டினான்.

வேண்டாம் என்று கை சொன்னது, [அடித்துவிட்டேன். கை எதுவும் சொல்லவில்லை. கை கட்டியது.]

4

ஃப்ரீசர் கிழட்டு ஃப்ரீசர். ஓடத் தொடங்கும்போது ஒரு உதை உதைக்கும், பிறகு உர்ரென்று முனகும். வெண்டலின் கட்டில் சரியாக அதற்கு மேலே கிடந்தது. ஒவ்வொரு முறை அது உதைக்கும்போதும் தரைப்பலகை அதிர்ந்து, கட்டில் பக்கத்து மேசையில் மருந்து கலக்கிய கப்புக்குள் கரண்டி கிணுகிணுக்கும். ஆர்லனுக்கு இது தெரியாது. பெட்டி ஓடியபோதெல்லாம் அவன் கீழேதான் இருந்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் கட்டிலருகே உட்கார்ந்து சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தபோது வெண்டல் கேட்டான்.

"பெட்டி நின்னுபோச்சா?"

"எந்தப் பெட்டி?"

"நேத்துலருந்து ஓடக் காணோம்."

ஆர்லன் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தான். "மூடிக்குப் புது ரப்பர் போட்டேன். குளிர் வெளிய போகல. அதான் அடிக்கடி ஓட வேண்டியதில்ல."

பீர் காய்ச்சுகிறவன் மட்டுமே சொல்லக்கூடிய பொய். பீர் காய்ச்சுகிறவன் ஒருத்தன்கூட நம்பமாட்டான். புளிக்கிற பாத்திரம் தானாகவே சூடு கக்கும், எந்த ரப்பர் போட்டாலும் ஃப்ரீசர் ஓடித்தான் ஆக வேண்டும்.

"நல்ல ரப்பர்" என்றான் வெண்டல். "சீட்டப் போடு."

அந்த வாரம் முழுவதும் கரண்டி அசையவில்லை. அடுத்த வாரம் ஆர்லன் பாத்திரத்தைக் காலிசெய்து பீரைப் பீப்பாயில் ஏற்றி அவசரமாகக் குளிர வைத்தான். ஃப்ரீசர் ஒரு பகலெல்லாம் நிற்காமல் ஓடியது, கரண்டி ஒரு பகலெல்லாம் கிணுகிணுத்தது. வெண்டல் அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

(சமையலறைக் குழாய்ச் சத்தத்தைத் தாண்டிக் கார்லா சொன்னதும் அவன் காதில் விழுந்ததா? எழுதவில்லை. விழ வேண்டிய தேவையே இல்லை. பெட்டியின் மௌனத்திலேயே டாக்டர் சொன்னது மொத்தமும் இருந்தது. ஏப்ரலுக்குத் திறக்க வேண்டிய பீருக்கு ஒருவன் ஏன் சூடு வைப்பான்?)

5

வெண்டலின் வாய்க்கு, பீர் காய்ச்சுகிறவர்கள் மாதாமாதம் கூடும் சங்கத்தில் எல்லோருக்கும் பயம். எவன் பீரையும் அவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "இதுல யாரு காலக் கழுவினது?" என்பான். "இத ஊத்தினா புல்லு கருகிடும், பக்கத்து வீட்டுக்காரன் புல்லுல ஊத்து" என்பான். நல்ல பீராக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொள்வான். அதுதான் அவனிடம் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை.

மார்ச் பிறந்த வாரத்தில், வெயில் அடித்த ஒரு காலையில், ஆர்லன் ஒரு கிளாஸ் கொண்டுவந்தான்.

"ஏப்ரல்னுல்ல பேச்சு?" என்றான் வெண்டல்.

"சீக்கிரமே தெளிஞ்சிடுச்சு. ஈஸ்ட் நல்ல ஈஸ்ட்."

"ரப்பரும் நல்ல ரப்பர்."

கார்லா தலையணையை நிமிர்த்தி அவனை உட்கார வைத்தாள். கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். நிறம் சரியாக இருந்தது. மூக்குக்குக் கொண்டுபோனான். கீழே ஆர்லன் ஏற்கெனவே முகர்ந்து பார்த்திருந்தான், பழக்கடை வாசனை. இனி வெண்டல் என்ன சொல்வான் என்று தயாராக நின்றான். குரங்குக்குக் காய்ச்சினியா என்பான். நாற வாயால் திட்டுவான். திட்டட்டும். திட்டினால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு காலைப் பிடித்து அழுதுவிடலாம்.

வெண்டல் ஒரு வாய் குடித்தான். விழுங்க நேரமாயிற்று.

"நல்லா இருக்கு" என்றான்.

"எங்க, நான் பாக்கறேன்" என்று கார்லா கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு, "என்னடா இது, வாழப்பழ மிட்டாய் மாதிரி" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நல்லா இருக்கு."

ஆர்லன் கிளாஸை வாங்கிக்கொண்டு கீழே போனான். ஃப்ரீசர் மூடிமேல் கையை ஊன்றி நின்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. வெண்டல் அவனைச் சங்கத்து ஆளாக நினைத்துப் பேசவில்லை, சாவு வீட்டுக்கு வந்தவனிடம் பேசுவது போல, மனசு நோகாமல் பேசி அனுப்பிவிட்டான்.

6 (நீக்கியது)

இங்கே முதல் பிரதியில் வெண்டலை மார்ச் கடைசியில் சாகடித்திருந்தேன். டாக்டர் சொன்ன கெடு, கதைக்கும் வசதி. சர்ச், உருளைக்கிழங்குப் பதார்த்தத்தோடு வருகிற அக்கம்பக்கத்துப் பெண்கள், பேஸ்மென்ட்டில் தனியாக நின்று பீப்பாயை வடிகாலில் கொட்டும் ஆர்லன். நன்றாகவே எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது எழுதிய பக்கத்திலிருந்து பழ வாசனை அடித்தது. முடிவு எனக்கு வேண்டியிருந்தது, அதற்காக ஒருத்தனை அந்த பீரைப் போலச் சீக்கிரம் தெளிய வைத்துவிட்டேன்.

கிழித்துவிட்டு அவனைப் பிழைக்க விட்டேன். அது இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்லனுக்கு அதைவிடக் கொடுமையை என்னால் செய்திருக்க முடியாது.

7

மார்ச் போனது. வெண்டல் இருந்தான். ஏரிப் பனி உடைந்தது. அவன் இருந்தான். டாக்டர் ஆச்சரியப்பட்டார், கார்லா டாக்டரைத் திட்டினாள். ஏப்ரலில் ஸ்மெல்ட் கரைக்கு வந்தது. ஆர்லன் வலை போட்டுக் கொண்டுவந்த விரல் நீள மீன்களைக் கார்லா தலையோடு பொரித்தாள். வெண்டலால் ஒன்றுக்கு மேல் தின்ன முடியவில்லை.

"ஏப்ரல்" என்றான்.

"ஆமா."

"பத்துல வெச்சிருந்தா இன்னிக்குத் திறந்திருக்கலாம்."

கார்லா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"ஏண்டா சூட்டக் கூட்டின?"

ஆர்லனுக்குப் பொய் எதுவும் வரவில்லை. "பயந்துட்டேன்."

"சாகப்போறவன் நானு. உனக்கென்னடா பயம்?"

"நீ இல்லாம திறக்கணுமேன்னு."

வெண்டல் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினான். கோபமாக இருந்தான், அதை மறைக்கவும் இல்லை. "அந்தப் பெட்டி ஓடுற வரைக்கும் நீ என்னை இருக்கறவங்க எண்ணிக்கையில வெச்சிருக்கேன்னு படுத்துக்கிட்டிருந்தேன். ஒரு நாள் நிறுத்திட்ட."

ஆர்லன் அழுதான். மறைக்கவில்லை.

"மூக்கச் சிந்து. மீன் மேல விழுது" என்றான் வெண்டல். பிறகு, "இன்னொண்ணு போடு. பத்துல வை. நான் இருந்தாலும் சரி, போனாலும் சரி, கை வெக்காத. அந்த வாழப்பழத்தக் கொட்டிடு" என்றான்.

"அன்னிக்கு நல்லா இருக்குன்னியே."

"வேற என்ன சொல்றது ஒன்கிட்ட? தெருவுல போறவன்கிட்ட சொல்ற மாதிரி சொன்னேன்."

8

ஆர்லன் மறுநாளே காய்ச்சினான். தானியம் ஊறிய வாசனை படியேறி முன்னறைக்கு வந்தது. பத்துக்கு இறங்கியதும் ஈஸ்ட்டைப் போட்டான். மூடினான். மேலே வந்து பேஸ்மென்ட் கதவைப் பூட்டிச் சாவியைக் கார்லாவின் ஏப்ரன் பையில் போட்டான்.

"நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"பீர் பெட்டிக்கு ஜெயில் வார்டன் ஆயிட்டேன்" என்றாள் கார்லா.

முடிவுகளைப் பார்த்துவிடலாம். இதுவரை எழுதிப் பார்த்தவை:

வெண்டல் மே மாதத்தில் போகிறான். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. (எல்லோரும் அழுவார்கள். எனக்கும் கண் கலங்கியது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

வெண்டல் கோடை வரை இருந்து, ஒரு வாய் குடித்து, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கிளாஸுக்குக் கை நீட்டுகிறான். (எழுத அவ்வளவு ஆசை. ஆனால் அந்த உடம்பில் அவ்வளவு நாள் இல்லை. எனக்குத் தெரியும், கார்லாவுக்கும் தெரியும்.)

வெண்டல் மயக்கத்துக்குப் போகிறான். ஆர்லன் தாங்க முடியாமல் சாவியைக் கேட்கிறான். கார்லா கொடுத்துவிடு— இதை முடிக்க என்னால் முடியவில்லை.

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மே மாதத்து ஒரு மத்தியானம். முன்னறை ஜன்னல் திறந்திருக்கிறது, யாரோ புல் வெட்டும் சத்தம். வெண்டல் கண்ணை மூடிப் படுத்திருக்கிறான். மூச்சு ஒன்று வந்தால் அடுத்ததற்கு நேரமாகிறது. ஆர்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். சாவி கார்லாவின் பையில் இருக்கிறது. மூவருமே ஒரே சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். வெகுநேரமாக அது வரவில்லை.

"ஓடும்டா" என்கிறான் ஆர்லன். "பத்துலதான் இருக்கு. நான் தொடல."

ஆர்லன் கப்புக்குள் இருக்கும் கரண்டியைப் பார்க்கிறான்.

அப்போது தரைக்கடியில் அந்த உதை. பலகை அதிர்கிறது. கப்புக்குள் கரண்டி கிணுகிணுக்கிறது. "ஓடுது, ஓடுது பாரு" என்று கார்லா சமையலறையிலிருந்து ஓடி வருகிறாள். ஆர்லன் கட்டில் பக்கம் திரும்புகிறான்.

அந்த முகத்தில் அவன் என்ன பார்த்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஏற்கெனவே ஒருமுறை அவசரப்பட்டு வெண்டலைக் கொன்றவன். இந்த முறை நீங்கள் பாருங்கள். பெட்டி கொஞ்ச நேரம் ஓடும், அவசரமில்லை.